கோபத்துக்கு எத்தனை மைக்ரோவோல்ட்?

1

எங்கள் பெரியமாமாவுக்கு ஊரில் 'தீக்குச்சி' என்று பட்டப்பெயர். உரசினால் போதும். பாக்கிச் சில்லறை தராத கண்டக்டர், ஆறிப்போன காப்பி, சத்தமாகச் சிரித்த பக்கத்து வீட்டுப் பையன், எதுவாக இருந்தாலும் முதலில் கை போகும், அப்புறம் வாய், கடைசியில்தான் யோசனை. அரைமணி கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து அழுவார். அடிபட்டவர் வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்பார். அடுத்த வாரம் அதே கதை. ஒருநாள் அவர் பிடித்துத் தள்ளியதில் அத்தையின் மணிக்கட்டு உடைந்தது. அதற்குப் பிறகுதான் தாத்தா அவரை டவுனுக்கு, நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. எண்ணெய் மட்டும் வைக்காதீங்க" என்றார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. வேடிக்கை பார்க்கக் கூடவே தொற்றிக்கொண்டேன். மாமாவின் மண்டையில் பசை தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டினார்கள். "கண்ணை மூடுங்க, திறங்க, நல்லா மூச்சை இழுத்து விடுங்க." அவ்வளவு பெரிய மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதைச் செய்துகொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் பேனாக்கள் கிறுகிறுவென்று காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவின் கோபம் எந்தக் கோட்டில் வரும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தது. பாட்டிக்கு அது பிடிபடவில்லை. "நார்மல்னா? அப்ப இந்தக் கோவம் எங்கேருந்துதான் வருது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து இ.இ.ஜி.யின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, பாட்டி கேட்ட அதே கேள்வியை லண்டனிலும் பாஸ்டனிலும் டெட்ராய்ட்டிலும், ஏன், சென்னையிலும் பெரிய பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துச் சிலர் மண்டையைத் திறந்தும் இருக்கிறார்கள்.

2

1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராணுவப் பயிற்சியிலிருந்த ஓர் இளைஞன் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரம் நூலிழையில் நின்றது. அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது: நீ நலமா? தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவனுடைய அக்காவுக்குத் திடீரென்று தோன்ற, அப்பாவை நச்சரித்துத் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறாள். தன் பயம் எப்படியோ மூளையிலிருந்து கிளம்பி அவளை எட்டியிருக்கிறது என்று அவன் நம்பிவிட்டான். அவன் பெயர் ஹான்ஸ் பெர்கர்.

மன ஆற்றலை அளந்தே தீருவது என்ற பிடிவாதத்தோடு யேனா நகரில் மனநல மருத்துவரானார் பெர்கர். 1924இல் முதன்முறையாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். நம்பிக்கை வராமல் 5 ஆண்டுகள் மூச்சு விடவில்லை. தன் மகன் கிளாவுஸ் தலையிலும் ஒயரை ஒட்டித் திரும்பத் திரும்பச் சோதித்தார். 1929இல்தான் கட்டுரை வெளிவந்தது. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் விநாடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும் ஓர் அலை. கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்.

எவ்வளவு சிறிய சமாச்சாரம் இது என்று யோசித்துப் பாருங்கள். தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்டுகள்தான். 50 மைக்ரோவோல்ட் என்றால் டார்ச்லைட் பேட்டரியின் 30,000இல் ஒரு பங்கு. லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து முணுமுணுப்பது எலும்பையும் தோலையும் கடந்து வெளியே கேட்கிறது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே நடப்பதை ஊகிக்கிற மாதிரி. பந்தி நடக்கிறதா, கலைந்துவிட்டார்களா என்று சொல்லலாம். மூன்றாவது வரிசையில் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

பெர்கரின் தந்தியும் அலைகளும் பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. நாஜி ஆட்சியில், யாருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று முடிவெடுத்த 'மரபு ஆரோக்கிய' நீதிமன்ற அமைப்பில் அவர் மேல்முறையீட்டு அமர்வின் உறுப்பினராக இருந்தார். மூளையின் மெல்லிய முணுமுணுப்பைக் கேட்கக் காத்திருந்தவர், எதிரே நின்ற மனிதர்களின் குரலை எப்படிக் கேட்டார் என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்வி வேறு வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

3

பெர்கரை முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையைக் காட்டிய பிறகு கதை மாறியது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் கிப்ஸ், லெனாக்ஸ் குழுவினர், சில நொடிகள் நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் வலிப்பு வகைக்கு விநாடிக்கு 3 என்ற கணக்கில் தனி அலைவடிவம் இருப்பதைக் கண்டார்கள். இது சாதாரண விஷயமில்லை. பேய், சாபம், பாவம் என்று எத்தனையோ நூற்றாண்டுகள் அடியும் உதையும் வாங்கிய ஒரு நோய், காகிதத்தில் கோடாக வந்து நின்றது.

அந்த வெற்றிதான் அடுத்த ஆசையைக் கிளப்பியது. வலிப்பு என்பது மூளையில் அடிக்கும் மின்புயல் என்றால், திடீர்க் கோபமும் ஒரு குட்டிப் புயலாக ஏன் இருக்கக்கூடாது? இரண்டும் சொல்லாமல் வருகின்றன. இரண்டும் ஓய்ந்த பிறகு ஆள் துவண்டுபோகிறான்.

1942இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, டெனிஸ் ஹில்லும் வாட்டர்சனும் பிரிட்டிஷ் ராணுவ மனநோய் மருத்துவமனைக்கு வந்த 151 பேரை ஆராய்ந்தார்கள். 'சைக்கோபாத்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். அவர்களில் மூர்க்கமானவர்களில் 65 சதவீதம் பேருக்கு அலை பிசகியிருந்தது. மூர்க்கமில்லாத, சமாளிக்கத் தெரியாதவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் அது 32 சதவீதம். ஒப்பீட்டுக்கு எடுத்த சாதாரண ஆட்களில் 15 சதவீதம்.

அடுத்து தூக்குமேடை நிழல். 1949இல் ஸ்டாஃபோர்ட்-கிளார்க்கும் டெய்லரும் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 64 கைதிகளின் அலைகளை வெளியிட்டார்கள். தெளிவான காரணத்துக்காகக் கொன்றவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் பிசகு. காரணமே இல்லாமலோ மிகச் சின்னக் காரணத்துக்காகவோ கொன்றவர்களில் 73 சதவீதம் பேருக்கு. பிரிட்டனில் மரண தண்டனை இருந்த காலம் அது. ஒரு காகிதச் சுருள் ஒரு கழுத்தைக் காப்பாற்றக்கூடும் என்ற நிலைமை.

பிறகு 1969இல் டெனிஸ் வில்லியம்ஸ். வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 333 ஆண்களை அவர் இரண்டாகப் பிரித்தார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பெரிய குற்றம் செய்தவர்கள் ஒரு பக்கம். எப்போதும் கை நீட்டுகிறவர்கள், அதாவது எங்கள் மாமா ரகம், இன்னொரு பக்கம். மூளைக் காயம், வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைக் கழித்த பிறகும் அடிக்கடி அடிப்பவர்களில் 57 சதவீதம் பேருக்கு அலை பிசகியிருந்தது. ஒருமுறைக் குற்றவாளிகளில் 12 சதவீதம். அந்த 12 என்பது பொது ஜனங்களிடம் இருக்கும் அளவுதான் என்றார் அவர்.

57க்கும் 12க்கும் இடையிலான தூரம் பெரியது. 'அப்போ கண்டுபிடிச்சாச்சு' என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடலாம். 1,000 பேர் உள்ள ஊரில் வழக்கமாகக் கை நீட்டுகிறவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் இ.இ.ஜி. எடுத்தால், அந்த 10 பேரில் சுமார் 6 பேர் மாட்டுவார்கள். மீதி 990 பேரில் 12 சதவீதம், அதாவது சுமார் 119 பேரும் மாட்டுவார்கள். ஆக, பிசகிய அலை உள்ள 125 பேரில் 119 பேர் அப்படிப்பட்டவர்களே இல்லை. எங்கள் மாமாவோ 'நார்மல்' என்ற சீட்டோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

கூட்டத்தைப் பற்றி அலை சொன்னது ஓரளவு உண்மைதான். அதைத் தனி ஆள்மீது ஒட்டும்போதுதான் வம்பு.

கவனித்தீர்களா, இதுவரை யார் தலையிலெல்லாம் ஒயர் ஒட்டப்பட்டது என்று? போர்க்கால ராணுவத்து ஆட்கள், தூக்குக்குக் காத்திருந்தவர்கள், சிறைக்கைதிகள். 'மாட்டேன்' என்று சொல்வதற்கு அதிகம் இடமில்லாதவர்கள்.

4

1963இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் ஹோசே டெல்கடோ என்ற விஞ்ஞானி ஒரு காளையின் முன் இறங்கினார். கையில் ஒரு ரேடியோக் கருவி. காளையின் மூளைக்குள் மின்முனை. பாய்ந்து வந்த காளை, அவர் பொத்தானை அழுத்தியதும் சறுக்கி நின்று திரும்பியது. 1965இல் நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. கோபத்துக்கு ஸ்விட்ச் கண்டுபிடித்துவிட்டார்கள்! காளைக்குக் கோபம் தணியவில்லை, அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் மின்சாரம் பட்டதால் உடம்பு திரும்பியது, அவ்வளவுதான் என்று பிறகு விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். வாடிவாசல் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும், காளை திரும்புவதும் காளை அடங்குவதும் வேறு வேறு என்று.

1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. கறுப்பினக் குடியிருப்பில் போலீஸ் சோதனையில் தொடங்கிய கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் வெர்னன் மார்க், வில்லியம் ஸ்வீட், ஃபிராங்க் எர்வின். மூவரும் பாஸ்டன் மருத்துவர்கள். சாரம் இதுதான்: வறுமையும் சேரி வாழ்க்கையும் மட்டுமே காரணம் என்றால் சேரியில் வாழும் எல்லோரும் அல்லவா கல்லெறிந்திருக்க வேண்டும்? கொஞ்சம் பேர் மட்டும்தானே எறிந்தார்கள்? அந்தக் கொஞ்சம் பேரின் மூளையில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை அப்படியே போலீஸ்காரர்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். எல்லாப் போலீஸும் சுடவில்லை, சிலர்தான் சுட்டார்கள். அவர்கள் மூளையைப் படம் எடுக்கலாம் என்று யாரும் கடிதம் எழுதவில்லை.

1970இல் மார்க்கும் எர்வினும் 'வன்முறையும் மூளையும்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் 'தாமஸ்' என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர் வருகிறார். மனைவிமீது சந்தேகம், வெறிக்கோபம். அவர் மூளையின் ஆழத்தில், பாதாம்பருப்பு அளவிலான அமிக்டலாவில் மின்முனைகளைச் செருகி வாரக்கணக்கில் அலைகளைப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தால் அவருக்கு இதமாக, மிதப்பது போல இருந்தது. அந்த இதத்தில் இருக்கும்போது, இன்னோர் இடத்தை நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று கேட்டார்கள். சரி என்றார். 12 மணி நேரம் கழித்து மின்சாரத்தின் விளைவு இறங்கியதும், என் மூளையைச் சுடுவதாவது என்று கொதித்தெழுந்தார். பல வாரங்கள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள்.

இதை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. அவர்கள் கண்ணில் முதல் 'சரி' தெளிந்த மனத்தின் குரல், பின்னால் வந்த 'மாட்டேன்' நோயின் குரல். எனக்கோ அந்த அறையில் நடந்தவற்றில் அந்த 'மாட்டேன்' ஒன்றுதான் முழுக்க முழுக்க தாமஸுடையது என்று படுகிறது. அறுவை நடந்தது. அவர் மறுபடி வேலைக்குப் போகவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. 1979இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம் வந்தது.

ஆனால் அதற்குள் இன்னொரு நீதிமன்றம் பேசிவிட்டது. இடம், அதே டெட்ராய்ட். 1973. விசாரணையே இல்லாமல் 17 ஆண்டுகளுக்கும் மேலாக அரசு மனநோய்ச் சாலையில் அடைபட்டிருந்த ஒருவர். மூளைக்குள் மின்முனை வைத்து, ஆக்ரோஷத்தோடு சேர்ந்து அலை பிசகுகிறதா என்று பார்த்து, பிசகினால் அமிக்டலாவை அழிப்பதாகத் திட்டம். அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். கைமோவிட்ஸ் என்ற வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போனார். பூட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் இருப்பவர் இப்படியொரு சோதனை அறுவைக்குத் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அவரைப் பிடித்து வைத்திருந்ததே சட்டவிரோதம் என்று விடுதலையும் செய்தார்கள். வெளியே வந்த பிறகு அவர் அறுவை வேண்டாம் என்றுவிட்டார்.

5

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் என்று மூடிவைக்க முடியாது. உலகத்தில் ஆக்ரோஷத்துக்காக அதிக அமிக்டலா அறுவைகள் நடந்த இடங்களில் ஒன்று நம் சென்னை.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1963இல் ஹிரோதாரோ நாராபயாஷி 60 பேருக்கு அமிக்டலாவைத் துல்லியமாகக் குறிவைத்து அழித்த விவரங்களை வெளியிட்டார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. சீர்காழியில் பிறந்தவர், இந்திய நரம்பறுவையின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் வி. பாலசுப்ரமணியமும், நாட்டின் முதல் பெண் நரம்பறுவை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ். கனகாவும் சேர்ந்து 1960களில் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். 1969இல் வெளியான கட்டுரையில் இதற்கு அவர்கள் வைத்த பெயர், 'சாந்தப்படுத்தும் நரம்பறுவை'. 1988இல் ராமமூர்த்தி கொடுத்த மொத்தக் கணக்கு 603 அறுவைகள். அவற்றில் 481 இருபக்க அமிக்டலா அறுவைகள். பெரும்பாலானோருக்குப் பலன் இருந்ததாக அறிக்கை சொல்கிறது. பலன் என்றால், அமைதியானார்கள்.

இவர்களை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. வந்தவர்களில் பலர் சிறுவர்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகோ வலிப்போடோ அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடோ, தன்னையே கடித்துக்கொண்டும் எதிரே வந்தவரை அடித்துக்கொண்டும் இருந்தவர்கள். இன்றைக்கு உள்ள மருந்துகளும் சிறப்புப் பள்ளிகளும் இல்லாத காலம். பிள்ளையைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு வயல்வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு தாய், 'ஏதாவது பண்ணுங்க சாமி' என்று கை கூப்பியிருந்தால், அவளிடம் தத்துவம் பேச முடியாது. இலவசமாக அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அந்த அரசு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும்.

இருந்தாலும் அந்தப் பெயர் உறுத்துகிறது. சாந்தம் யாருக்கு? கட்டுப்படுத்த முடியாத பிள்ளை அமைதியானதும் வீடு நிம்மதியானது, வார்டு நிம்மதியானது. அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன ஆனது? அளவுகோலில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. எத்தனை முறை அடித்தான் என்று எண்ணலாம். ஏன் அடித்தான், அடிக்காமல் போனபோது என்ன இழந்தான் என்று எண்ண முடியாது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆவது பிரிவு, மனநோய்க்கு மூளை அறுவை செய்ய நோயாளியின் சொந்தச் சம்மதமும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் ரொம்பச் சின்னப் பிரிவு அது.

6

அலை ஆராய்ச்சி அங்கேயே நிற்கவில்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் எர்னஸ்ட் பாரட் என்ற உளவியலாளர் பொறுமையாக வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். 'யார் முரடன்?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'யோசிப்பதற்கு முன்பே செய்துவிடுவது' என்ற ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுத்தார். 1959இல் அவர் தொடங்கிய கேள்விப்பட்டியல் திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அவருக்கு உதவிய அலை பி300. 'டிங், டிங், டிங்' என்று ஒரே ஒலி வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு 'டாங்'. சுமார் 300 மில்லிவிநாடியில் மூளையில் ஓர் அலை எழும். 'அட, இது வேற' என்று மூளை கவனித்ததன் தடயம். ஆத்திரத்தில் அடிக்கிற கைதிகளிடம் இந்த அலை குட்டையாக இருந்தது. திட்டம் போட்டு அடிக்கிறவர்களிடம் அப்படியில்லை. 1997இல் பாரட் குழுவினர் 60 கைதிகளுக்குப் ஃபெனிடாயின் கொடுத்துப் பார்த்தார்கள். நம்மூரில் வலிப்புக்கு 'எப்டாயின்' என்று வாங்குவோமே, அதே மருந்துதான். ஆத்திரக்காரர்களின் அடிதடி குறைந்தது, அவர்களின் பி300 அலையும் மாறியது. திட்டக்காரர்களிடம் மருந்து ஒன்றும் செய்யவில்லை.

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்ற நம் பழமொழியை இவர்கள் கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். புத்தி மட்டு இல்லை. புத்தி வந்து சேர்வதற்குள் கை போய்விடுகிறது. வெட்டியது ஒரே அரிவாளாக இருந்தாலும், ஆத்திரத்தில் வெட்டியதும் திட்டமிட்டு வெட்டியதும் வேறு என்று சட்டம் எப்போதோ சொன்னதற்கு அலையில் ஒரு சாட்சி கிடைத்தது.

ஆனால் இந்தச் சாட்சியும் பல வீட்டுக்குச் சாட்சி சொல்லும். பி300 மனச்சிதைவிலும் குறைகிறது. 1984இல் பெக்லைட்டர் குழு, குடிநோயாளிகளின் மகன்களான 7 முதல் 13 வயதுச் சிறுவர்களிடமும் அது குறைந்திருப்பதைக் கண்டது. அந்தப் பையன்கள் யாரையும் அடித்தவர்கள் இல்லை. குட்டையான பி300 என்பது வாசலில் கிடக்கும் ஈரச் செருப்பு மாதிரி. மழையில் யாரோ வந்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று செருப்பு சொல்லாது.

7

மாமா இப்போது இல்லை. போன வருஷம் அத்தையிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெர்கர், டெல்கடோவின் காளை, டெக்சாஸ் கைதிகள். மாமாவுக்கு இந்த 'டிங் டாங்' சோதனை வைத்திருந்தால் ஒருவேளை ஏதாவது தெரிந்திருக்கலாம், மாத்திரைகூட கொடுத்திருக்கலாம் என்றேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"நல்லவேளை, அன்னிக்கு நார்மல்னு வந்துச்சுப்பா. கோளாறுன்னு வந்திருந்தா அந்தச் சீட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி சொன்னார். "ஒண்ணு யோசிச்சிருக்கியா? உங்க மாமா கண்டக்டரை அடிச்சாரு. என்னை அடிச்சாரு. பக்கத்து வீட்டுப் புள்ளைய அடிச்சாரு. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்தாரே, தாசில்தார் எவ்வளவோ கேவலமா பேசியிருக்காரு. ஒருநாளாவது அங்க கை ஓங்கியிருக்காரா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு மேஜைக்கு முன்னால் மட்டும் பிரேக் எப்படிப் பிடித்தது? மூளைக்குள் 300 மில்லிவிநாடியில் நடப்பதை அளக்கக் கற்றுக்கொண்டோம். அந்த 300 மில்லிவிநாடியில் எதிரே நிற்பது யார் என்பதையும் மூளை பார்த்துவிடுகிறதே. தலையில் ஒயர் ஒட்டும் அறையில் தாசில்தாரும் இருப்பதில்லை, அத்தையும் இருப்பதில்லை. கண்ணை மூடி, திறந்து, மூச்சை இழுத்து விடும் ஒருவர் தனியாகப் படுத்திருக்கிறார். அலை நார்மலாக ஓடுகிறது.

அத்தையின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. கீரைக்கட்டைப் பிரிக்கும்போது இன்னும் இடது கையைத்தான் பயன்படுத்துகிறார்.